ஒன்பது நிமிடத்தை மிச்சம் பிடித்தவன்

அவையை ஆளுகின்ற தலைவர், மூன்று தலைமுறைக்கு எழுத்தறிவித்து முதுகிலும் இரண்டு வைத்து வளர்த்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேதமணி ஐயா அவர்களே! எனக்கு முன்னே பேசி, எனக்கென்று ஒரு சொல்லையும் மிச்சம் வைக்காமல் போன இந்த மண்ணைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடும் எல்லைப் போராட்டக் குழுவின் பேச்சாளப் பெருமக்களே! பாறசாலைச் சந்தையில் கடையடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகர்களே! அதியன்னூரிலிருந்தும் காரக்கோணத்திலிருந்தும் நடந்தே வந்து, கால்வலியைக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! மதியச் சோற்றைப் பாதியில் மூடிவைத்துவிட்டு வந்த அன்னையரே, அக்காமாரே, தங்கைமாரே! ஒற்றசேகரமங்கலத்து மலையடிவாரத்தில், கொடுவம்பாறைக் குவாரியில் கல்லுடைத்துக் காய்ப்புக் காய்த்த கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தோழர்களே! வேலியோரம் நின்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் போலீஸ் நண்பரே! வெயிலில் நிற்காதீர், பந்தலுக்குள் வாரும். இன்றைக்கு நான் பேசுவதில் ஒரு வரியும் உமக்குத் தவறிவிடக் கூடாது. எல்லோருக்கும் மேலாக, மனைவி செல்லபாயை மண்ணுக்குக் கொடுத்து இருபத்தாறு நாளே ஆன நிலையிலும், எங்கள் அழைப்பை மதித்து இந்த அவைக்கு வந்திருக்கும் யோசுவா அண்ணன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ராஜையாவின் தாழ்ந்த தலையும் கூப்பிய கையும் வணக்கம் சொல்கின்றன.

நோட்டீசைப் பார்த்தேன். சிவப்பு மையில் அச்சடித்திருக்கிறார்கள். ‘தமிழ் மகள் செல்லபாயை வெடிவைத்துக் கொன்ற மலையாளக் கொடியவன் மோகனனைக் கண்டிக்கும் மாபெரும் கூட்டம். சங்கநாதம் செய்பவர் ராஜையா’ என்று போட்டிருக்கிறார்கள். மோகனன் குவாரியில் திரி கொளுத்துகிற தொழிலாளி. பிறப்பால் மலையாளி. போன ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகள் போய் அவர் வீட்டின்மேல் கல்லெறிந்தார்கள். ஓடு உடைந்து உள்ளே விழுந்தது. மனைவியையும் மக்களையும் கூட்டிக்கொண்டு அவர் எங்கேயோ போய் ஒளிந்திருக்கிறார். இன்று நான் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால், மிச்சமிருக்கிற ஓடும் உடையும். ஓட்டோடு மண்டையும் உடையும்.

இன்னொரு தாளும் இருக்கிறது. குவாரி மானேஜர் எழுதியது. ‘மூன்று முறை விசில் ஊதியும் வெளியே வராத தொழிலாளி செல்லபாயின் சொந்தக் கவனக்குறைவே மரணத்துக்குக் காரணம்’ என்று அதில் எழுதியிருக்கிறது. வருகிற வியாழக்கிழமை விசாரணை அதிகாரி வந்து அந்தத் தாளைத்தான் புரட்டப் போகிறார்.

அன்பர்களே! நோட்டீஸ் ஒரு பொய். மானேஜரின் தாள் இன்னொரு பொய். முதல் பொய்க்குக் கீழே உங்கள் பெயர் இருக்கிறது. இரண்டாவது பொய்க்குக் கீழே யார் கையெழுத்து என்று கேட்கிறீர்களா? சாட்சி என்ற இடத்தில் சூப்பர்வைசர் ராஜையா என்று, கொட்டை எழுத்தில், கோணல் இல்லாமல், என் கையெழுத்து இருக்கிறது.

ஏன் சலசலப்பு? உட்காருங்கள், மக்கா, உட்காருங்கள். தலைவர் ஐயா மணியைத் தொடுகிறார். ஐயா, அடிக்காதீர்கள். இதுவரை நீங்கள் எனக்கு மேடை கொடுத்தீர்கள். நானும் உங்களுக்குக் கூட்டம் கொடுத்தேன். இந்த ஒரு நாள் எனக்கு உண்மையைக் கொடுக்க இடம் விடுங்கள்.

நான் இந்தக் குவாரிக்கு வந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மதுரைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தேன். அங்கே வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்து எங்களுக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார். கையில் ஒரு கடிகாரம் தருவார்கள். பொத்தானை அழுத்தினால் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். ஒருவர் செய்கிற வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை நொடி என்று எழுத வேண்டும். பிறகு ‘இந்தத் துண்டு ஏன்?’ என்று வேலை செய்கிறவரையே கேட்க வேண்டும். காரணம் இருந்தால் வைத்துக்கொள். இல்லாவிட்டால் வெட்டி எறி. இதுதான் அந்த வித்தை. கெட்ட வித்தை என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. அந்த ஆலையில் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் நடந்த நடையை நான் பாதியாகக் குறைத்தேன். தீபாவளிக்கு அவர்கள் எனக்குக் கொடுத்த பலகாரத்தைச் சாப்பிட்டு முடிக்க ஒரு வாரம் ஆனது.

அந்தப் பெருமையோடு ஊர் திரும்பினேன். கொடுவம்பாறை மானேஜர் கூப்பிட்டு, “ஆலையில செஞ்சத இங்கயும் செய்யும்” என்றார். ஆலையில் செய்ததை அகழ்கிற இடத்தில் செய்ய முடியாதா? நூலில் செய்ததைப் பாறையில் செய்ய முடியாதா? முடியும் என்று மார்தட்டினேன்.

முதல் ஆறு மாதம் நான் கை வைத்ததெல்லாம் நன்மையாகத்தான் முடிந்தது. உளி மழுங்கினால் தீட்டுவதற்குக் கொல்லன் பட்டறைவரை மேட்டில் ஏறிப் போக வேண்டும். பட்டறையைக் குழியருகே கொண்டு வந்தேன். குடிதண்ணீர்ப் பானையை நடுவில் வைத்தேன். உளியும் சுத்தியலும் கண்ட இடத்தில் கிடந்து காலைக் குத்தின. ஒரு பலகை செய்தேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஆணி, ஆணிக்குக் கீழே ஆளின் பெயர். வேலை நிற்கும்போது எல்லாக் கருவியும் பலகைக்கு வர வேண்டும். வெறும் ஆணி தெரிந்தால் யாருடையது என்று கூப்பிட்டுக் கேட்பேன். அதற்குப் பிறகு ஒருவர் காலிலும் உளி ஏறவில்லை.

செல்லபாய் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். யோசுவா அண்ணன் தலையாட்டுகிறார், அவருக்குத் தெரியாததா? நான் கடிகாரத்தோடு பக்கத்தில் போய் நின்றால், “சாரே, நாங்க மூச்சு விடுயதுக்கு எத்தன நொடியாவும்னு எழுதியாச்சா? அதயும் கொறச்சிப் போடும்!” என்பார். குழி முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே எழுதுவேன்.

இனி நான் சொல்லப்போவதைத்தான் யாரும் கேட்டதில்லை. குவாரித் தோழர்களோடு அமர்ந்திருக்கும் சரசம்மா அக்கா, நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். குனிய வேண்டிய தலை மேடையில் இருக்கிறது.

கொடுவம்பாறையில் ஒரு வழக்கம் இருந்தது. நாளைக்கு இரண்டு வெடி. வெடிக்கு முன்னால் எல்லோரும் குழியை விட்டு மேலே வருவார்கள். வருகிறபோது பெண்கள் தலைச்சும்மாட்டையும் ஆண்கள் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டையும் மேலே ஒரு தட்டைப் பாறைமேல் வரிசையாக வைப்பார்கள். நாற்பத்தெட்டுப் பேர்; நாற்பத்தெட்டுத் துணி. சரசம்மா அக்கா ஒவ்வொன்றையும் தொட்டு, தொட்ட விரலை நெற்றியில் வைத்து, பேர் சொல்லி எண்ணுவார். ஒன்று குறைந்தால், “ஒரு சும்மாடு கொறவாக்கும், கொளுத்தாண்டாம்!” என்று கத்துவார். அந்த ஆள் வந்து சேருகிறவரை மோகனன் தீயைத் தொட மாட்டார்.

நான் கடிகாரத்தை அழுத்தினேன். ஒன்பது நிமிடம். நாளைக்கு இரண்டு முறை, பதினெட்டு நிமிடம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் முழுசாக ஒரு நாள் வேலை வீண். பட்டறையை மாற்றுகிறபோது கொல்லனைக் கேட்டேன். பானையை மாற்றுகிறபோது பெண்களைக் கேட்டேன். ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும் என்பதுதான் அந்த வித்தையின் முதல் பாடம். இதற்கு மட்டும் நான் ஏன் கேட்கவில்லை?

சொல்கிறேன். சரசம்மா அக்கா துணியைத் தொட்டு நெற்றியில் வைத்தாரே, அதைப் பார்த்தேன். செல்லபாய் அக்கா சும்மாட்டை வைக்கிறபோது கண்ணை மூடி ஒரு ஜெபம் முணுமுணுப்பார், அதையும் பார்த்தேன். நான் யார்? பகுத்தறிவைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பிய பேச்சாளன்! பாறைக்குப் பூசை போடுகிறார்கள், பழம் பஞ்சாங்கங்கள் என்று எனக்குள் ஓர் இளக்காரம். காகிதத்தில் எழுதினேன்: ‘வெடிக்கு முன் சும்மாடு எண்ணுதல். ஒன்பது நிமிடம். மூடப்பழக்கம். நீக்கலாம். பதிலாக மூன்று விசில் போதும்.’ மானேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அது பூசையா? தோழர்களே, அது பூசையா? நாற்பத்தெட்டு உயிரும் வெளியே வந்துவிட்டது என்று விரலால் தொட்டு உறுதி செய்கிற வேலை அது. அந்த மலையிலேயே மிக முக்கியமான வேலை அது! என் ஆலையில் நூல் நேற்று ஓடியபடிதான் இன்றும் ஓடும். பாறை அப்படியா? நேற்று நின்ற விளிம்பு இன்று இருக்காது. நேற்று ஆள் நடந்த வழியை இன்று ஓர் உருண்டைப் பாறை மறைத்துக்கொள்ளும். இடமே தினமும் மாறுகிறபோது, ஆள் எங்கே இருக்கிறார் என்று தினமும் எண்ணித்தானே ஆக வேண்டும்? ஒன்பது ஆண்டு ஆலையில் படித்த எனக்கு இது தெரியவில்லை. பள்ளிக்கூடம் பார்க்காத சரசம்மா அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அது என் கெட்ட காலம். ஒன்றும் நடக்காததால் நான் செய்தது சரி என்று எனக்கே உறுதியாகிவிட்டது.

அந்த நாள் வந்தது. வெள்ளிக்கிழமை, பிற்பகல் வெடி. எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். செல்லபாய் அக்காவும் ஏறிவந்தார். ஏறிவந்தவர் பலகையைப் பார்த்தார். தன் பெயருக்கு மேலே வெறும் ஆணி. உளியைக் குழியிலேயே வைத்துவிட்டார். வெறும் ஆணி தெரிந்தால் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவானே! பக்கத்தில் நின்றவளிடம், “இன்னா வாறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உளியை எடுக்க இறங்கிப் போனார். இது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பெண் அழுதுகொண்டு சொல்லித்தான் தெரிந்தது.

விசில் ஊதினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மூன்று விசிலும் ஊதிய நேரம் முழுக்கக் கொல்லன் பட்டறையில் இரும்பு அடிக்கிற சத்தம். பட்டறை எங்கே இருந்தது? குழியருகே. அதை அங்கே கொண்டு வந்தது யார்? நான்.

சரசம்மா அக்கா என்னிடம் ஓடிவந்தார். “சாரே, செல்லபாயக் காணேல்ல. நான் பாத்துட்டேன், காணேல்ல” என்றார். நான் சொன்னேன், “விசில் ஊதியாச்சு. மேலே எங்கேயாவது நிற்பாள்.” மோகனன் கையில் தீயோடு நின்றார். நீங்கள் கொடியவன் என்று அச்சடித்திருக்கிறீர்களே, அந்த மோகனன். அவர் கொளுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அவர் பாஷையில் கேட்டார், “சாரே, சும்மாடு எண்ணண்டே?” எண்ண வேண்டாமா என்று கேட்டார், அன்பர்களே! மலையாளத்தில் கேட்டார். அவருக்குத் தமிழில் பதில் சொன்னவன் நான். கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் தாமதம். ஒரே சொல் சொன்னேன்: “கொளுத்து.”

அவ்வளவுதான்.

உளி கிடைத்தது. அவர் கையில்தான் இருந்தது. அதைக் கழுவி யாரோ பலகையில் மாட்டிவிட்டார்கள். மறுநாள் காலை நான் பலகையைப் பார்த்தேன். எல்லா ஆணியிலும் கருவி இருந்தது, ஒன்றும் குறையவில்லை. உளியை எண்ண ஏற்பாடு செய்தேன். உயிரை எண்ணுவதை நிறுத்தினேன். இரும்பு பத்திரமாகத் திரும்பி வந்தது. செல்லபாய் அக்கா திரும்பி வரவில்லை. என்னால் அந்தப் பலகையின் முன்னால் நிற்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அழுதவன் அன்று மாலையே மானேஜர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன். பயம். வேறொன்றும் இல்லை, பயம். செத்தவர்மேல் பழியைப் போட்டால் செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியமும் அந்தப் பயத்துக்குள்ளேயே இருந்தது. அதற்கடுத்த வாரம் போராட்டக் குழு என்னிடம் வந்தது. மோகனன்மேல் பழியைப் போடலாம், நம் கோரிக்கைக்கு வலு சேரும் என்றது. என்னைக் காப்பாற்ற இரண்டாவது வழியும் தானாக நடந்து வந்தது. சரி என்றேன்! நோட்டீசின் வாசகத்தில் ‘கொடியவன்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னவனே நான்தான். என் நாக்குக்கு எவ்வளவு நீளம் பார்த்தீர்களா?

யாரது பின்னால் இருந்து கத்துவது? “துரோகி” என்கிறாயா தம்பி? சொல், நன்றாகச் சொல். ஆனால் எதற்குத் துரோகி என்பதைச் சரியாகச் சொல். தாய்த் தமிழகத்தோடு இந்த மண் இணைய வேண்டும் என்ற கோரிக்கையில் நான் ஒரு மயிரிழையும் பின்வாங்கவில்லை. நம் குழந்தை தமிழில் படிக்க வேண்டும். நம் மனு தமிழில் ஏற்கப்பட வேண்டும். அதற்காக ஜெயிலுக்குப் போனேன், இன்னும் போவேன். போன ஆண்டு அடி வாங்கிய முதுகு இன்னும் மழைக்காலத்தில் வலிக்கிறது. ஆனால் ஒரு பாவமும் அறியாத தொழிலாளியின் உடைந்த ஓட்டின்மேல் ஏறி நின்றுதான் அந்த எல்லையைத் தொட வேண்டுமா? எல்லை எந்தப் பக்கம் போனாலும் கொடுவம்பாறை அங்கேதான் இருக்கும். நாளைக்கும் அங்கே வெடி வைப்பார்கள். நாளைக்கும் நாற்பத்தேழு பேர் குழியில் இறங்குவார்கள். தமிழ்நாட்டுச் சூப்பர்வைசர் ஒருவன் தமிழிலேயே “கொளுத்து” என்று சொல்லிக் கொன்றால், சாகிறவர்களுக்கு வலிக்காமல் இருக்குமா?

ஐயா, மணியடித்துவிட்டீர்கள். கேட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

வியாழக்கிழமை விசாரணையில் நான் போய் நிற்பேன். என் முந்தைய கையெழுத்து பொய் என்று சொல்வேன். சும்மாடு எண்ணுவதை நிறுத்தியவன் நான், சரசம்மா சொன்னதைக் கேட்காதவன் நான், மோகனன் தயங்கியபோது உத்தரவு கொடுத்தவன் நான் என்று எழுதி, எடுத்து வந்திருக்கிறேன். இதோ. வேதமணி ஐயா, இதை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமைக்குள் எனக்குப் பயம் திரும்பி வந்துவிட்டாலும் காகிதம் உங்களிடம் இருக்கும். பிடியுங்கள். நன்றி ஐயா.

சரசம்மா அக்கா! நாளைக் காலையிலிருந்து மறுபடியும் எண்ணுங்கள். மானேஜர் வந்து தடுத்தால், எண்ணி முடிகிறவரை ஒருவரும் நகராதீர்கள். ஒன்பது நிமிடம் ஆகட்டும், தொண்ணூறு நிமிடம் ஆகட்டும். என்ன? “அத நாங்க நேத்தே தொடங்கியாச்சு சாரே” என்கிறீர்களா? தொடங்கிவிட்டீர்களா! என்னைக் கேட்காமலே தொடங்கிவிட்டீர்களா! நல்லது அக்கா. இப்போதாவது என்னைக் கேட்காமல் செய்தீர்களே.

அமைதி, அமைதி. யோசுவா அண்ணன் எழுந்து நிற்கிறார். எல்லோரும் கொஞ்சம் வாயை மூடுங்கள். சொல்லுங்கள் அண்ணா. என்னை அடிக்க வேண்டுமானாலும் மேடைக்கு வாருங்கள், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். கேட்கவில்லை அண்ணா, கொஞ்சம் சத்தமாக…

அன்பர்களே, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அவர் கேட்டதை அப்படியே சொல்கிறேன். “சாரே, அவ விசிலு கேட்டிருப்பாளா? கேட்டும் வராம நின்னாளா? கோயிலுல ஆளுவ என்னமெல்லாமோ சொல்லியாங்க. இருவத்தாறு நாளா எனக்கு இதுதான் தெரியணும்” என்று கேட்கிறார்.

அண்ணா! இருபத்தாறு நாளாக உங்களுக்கு இந்தக் கேள்வியைக் கொடுத்துவிட்டு நான் சோறு தின்றிருக்கிறேன். பட்டறைச் சத்தத்தில் அந்த மூலைக்கு விசில் எட்டாது. அடக்கம் முடிந்த மறுவாரம் நானே அந்த இடத்தில் போய் நின்றேன். இரும்பை அடிக்கச் சொன்னேன், விசிலை ஊதச் சொன்னேன், மூன்று முறை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே தெரிந்துகொண்டேன், தெரிந்துகொண்டும் உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை.

கேட்டிருக்க மாட்டார் அண்ணா. செல்லபாய் அக்காவுக்கு விசில் கேட்கவே இல்லை. அவர் யார் சொல்லையும் மீறவில்லை. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கோயிலில் சொல்கிறவர்களிடம் ராஜையா சொன்னான் என்று சொல்லுங்கள். நம்பாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், அங்கேயும் வந்து சொல்கிறேன்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட அவைக்கும், மணியடித்த பிறகும் பேசவிட்ட தலைவருக்கும், ஒரு வரி விடாமல் எழுதிய போலீஸ் நண்பருக்கும் நன்றி. வீட்டுக்குப் போகிறவர்கள் மோகனன் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும்; கையை வீசிக்கொண்டு, வெறுங்கையாகப் போங்கள். யோசுவா அண்ணா, நீங்கள் உட்காருங்கள். நான் கீழே இறங்கி உங்களிடம் வருகிறேன். வணக்கம்.